கத்திக்கு இசைவு, கணக்குக்கு?

அம்மாபேட்டை நெசவாளர் வாழும் ஊர். குழித்தறியில் இறங்கி அமர்ந்து, நாளெல்லாம் மிதியை மிதித்து, ஊரார் உடுத்த வேட்டியும் சேலையும் நெய்து தந்த கால்கள், முதுமையில் நடக்க மறுக்கின்றன. மூட்டுத் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். அறிவியலின் அருங்கொடை அது! 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செம்மைப்படுத்திய இடுப்பு மூட்டு மாற்று முறை, முடங்கிக் கிடந்தோரை எழுந்து நடக்க வைத்தது. முழங்கால் மூட்டும் இன்று அவ்வாறே மாற்றப்படுகிறது. நாம் அதைப் போற்றுகிறோம்.

ஆனால், பெரியவர் வீடு திரும்பும் நாளில் நடப்பதென்ன? சொன்ன தொகை ஒன்று; சீட்டில் கண்ட தொகை வேறொன்று! அறை வாடகை, அறுவைக் கூடக் கட்டணம், மயக்க மருந்து, கையுறை, பஞ்சு, பயிற்சி என்று பட்டியல் நீள்கிறது. மகன் அடகுக் கடைக்கு ஓடுகிறான். "எல்லாம் என் தலையெழுத்து" என்கிறார் பெரியவர்.

தலையெழுத்தா? இல்லை, தோழர்களே! அந்தச் சீட்டை எழுதியது மனிதனின் கை. மனிதன் எழுதியதை மனிதன் திருத்த முடியும். சான்று வேண்டுமா? 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், முழங்கால் செயற்கை மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் என விலை குறிக்கப்பட்டிருந்த கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. எந்தக் கோள் இடம் பெயர்ந்தது? எந்தத் தெய்வம் மனம் இரங்கிற்று? ஓர் ஆணை பிறந்தது; அவ்வளவே!

எனினும், அந்த ஆணை கட்டியது மூட்டின் விலையை மட்டுமே. மற்றச் செலவுகள் கட்டவிழ்ந்தே நிற்கின்றன. ஆகவே அறத்தின் கேள்வி எஞ்சி நிற்கிறது: இசைவு என்பது எது?

தக்க விவரம் அறிந்து நோயாளி தரும் இசைவே இசைவு என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இல் உரைத்தது. உடலை அறுக்க இசைவு வேண்டுமெனில், ஒரு குடும்பத்தின் சேமிப்பை அறுக்க வேண்டாவா? கூலி பேசிப் பாவு வாங்கிய நெசவாளி, நெய்து முடித்தபின் ஒன்றரை மடங்கு கேட்டால் நேர்மையென்று ஏற்பார்களா? ஏழை செய்தால் வஞ்சகம். எழில்மிகு மாளிகைக்குள் நடந்தால் மட்டும் வழக்கமா?

"அறுவையில் எதிர்பாராதது நேரலாமே" என்பர். நேரலாம், மறுக்கவில்லை. குருதி மிகலாம், புண் சீழ் பிடிக்கலாம். அப்படி நேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லலாமே! மூட்டு மாற்று, விபத்தில் வந்த அவசரமன்று. நாள் குறித்துச் செய்யப்படுவது. நாள் குறிக்கத் தெரிந்தோர்க்குத் தொகை குறிக்கத் தெரியாதா? உடல் தரும் வியப்பு இயற்கை. சீட்டுத் தரும் வியப்பு, சொல்ல வேண்டியதைச் சொல்லாத மௌனத்தின் விளைவு.

கட்டண விவரம் அறிவது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பட்டயம் கூறுகிறது. ஏட்டில் உறங்கும் உரிமையை எழுப்ப வேண்டியோர் யார்? இளைஞர்களே, நீங்கள்தாம்! பெரியவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். மூட்டின் விலையைத் தனியே காட்டச் சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டில் எவ்வளவு கிட்டும் என்று அறுவைக்கு முன்னரே அறியுங்கள்.

கேட்பது குற்றமன்று, கேளாமல் விதியை நோவதே குற்றம். நிமிர்ந்த காலோடு குனிந்த தலையுடன் வீடு திரும்புவதா நலம்? காலும் நிமிரட்டும், தலையும் நிமிரட்டும்!