அஞ்சல்வழியில் படிப்பவளுக்கு ஏன் இல்லை?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022இல் அதே பெயரில் அந்தப் பணம் கல்லூரிப் பக்கம் திரும்பியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் அப்படித்தான் வந்தது. மாணவர்களுக்கு இதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுத்தது மிக நல்ல முடிவு. கேள்வி, யாரை விட்டுவிட்டோம் என்பதில்தான்.

இவ்விரு திட்டங்களுக்கும் வருமான வரம்பு இல்லை. படித்த பள்ளியே அளவுகோல். வட்டாட்சியர் அலுவலகத்து வருமானச் சான்றிதழில் வசதியுள்ளவரும் ஏழையாகிவிட முடியும். அரசுப் பள்ளியில் கழித்த ஏழு ஆண்டுகளை அப்படி எளிதில் புனைய முடியாது. கடன் வாங்கித் தெருமுனை மெட்ரிக் பள்ளியில் மகளைச் சேர்த்த ஆட்டோ ஓட்டுநருக்கு இதில் மனக்குறை உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கோடு நகரக்கூடியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

நகராத கோடு இன்னொன்று இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் இரவு கடை சாத்தும்வரை புடவை விரித்துக் காட்டும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ப்ளஸ் டூவோடு வேலைக்கு வந்தாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அஞ்சல்வழி பி.காம். கட்டணம் கட்டுகிறாள். விடுதி அறையில் எல்லோரும் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்கிறாள். நாள் முழுக்கக் கல்லூரியில் இருக்க வழியுள்ள தோழிக்கு ஆயிரம் ரூபாய் வருகிறது; வழியில்லாத இவளுக்கு வரவில்லை. முழுநேரம் படிக்க முடிவதே பெரிய வசதி என்பதை விதி பார்க்கவில்லை.

விதியை எழுதியவர்கள் பக்கமும் வலுவான காரணம் உண்டு. பெண் தினமும் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், அவள் கல்யாணம் நான்கு வருடம் தள்ளிப்போக வேண்டும். அஞ்சல்வழிக்கும் பணம் என்றால், “வீட்டுல இருந்தே படி, பணமும் வரும்” என்று சொல்லிவிடும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அப்போது கல்லூரிக்குப் போகவேண்டிய பெண் அடுப்படிக்குப் போவாள். இந்த அச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது.

ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்த பெண்ணைப் பற்றிய அச்சம். ஏற்கெனவே இரண்டு மூன்று வருடமாக உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணை யாரும் கல்லூரியிலிருந்து நிறுத்தப்போவதில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை. வேறொருத்தி வீட்டில் நிகழக்கூடிய தவறைத் தடுக்க இவளைத் தண்டிப்பது முறையாகாது. ஏமாற்றுக்கு வழி வைக்காமலும் கொடுக்கலாம். ஓராண்டாவது வேலை பார்த்ததற்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கோ அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டையோ கேட்கலாம். பெயருக்குச் சேர்ந்துவிட்டுப் படிக்காதவர்களைத் தவிர்க்க, தேர்வெழுதித் தேறிய பிறகு மொத்தமாகத் தரலாம். இவை எதுவும் அரசால் முடியாத காரியங்கள் அல்ல.

இத்திட்டங்களின் விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கும் அரசுப் பள்ளி மாணவிகளையும் மாணவர்களையும் அரசு அவற்றில் சேர்க்க வேண்டும்.