சில்லின் மேல் ஒரு வீடு

"வீட்டை விற்றுக் கரவன் ஒன்று வாங்கி, இனி அதிலேயே சீவிக்கலாம் என்று யோசிக்கிறேன். கணக்குச் சரிவருமா, தம்பி?" ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார். கணக்காளராகிய நாம் பேனையை எடுத்தோம்.

முதலில் செலவு. அவுஸ்திரேலியாவைச் சுற்றிவரும் முதலாம் இலக்க நெடுஞ்சாலை ஏறக்குறைய 14,500 கிலோமீற்றர் நீளமானது. கரவனை இழுக்கும் வாகனம் வழமையைவிட அதிக எரிபொருள் குடிக்கும். தரிப்பிடக் கட்டணம் உண்டு. வாகனம், கரவன் இரண்டுக்கும் பதிவும் காப்புறுதியும் வேண்டும். மறுபக்கத்தில் மாநகரசபை வரியும் வீட்டுத் திருத்த வேலையும் இல்லை. சிக்கனமானவருக்கு மாதச் செலவு குறையவும் கூடும். ஆனால் கரவனுக்கு ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு. சிட்னியில் விற்ற வீட்டை மீண்டும் அதே விலைக்கு வாங்கலாம் என்று எவரும் உறுதி தரமாட்டார்.

அடுத்தது ஆபத்து. அனுமதித்த நிறைக்கு மேல் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிடக்கூடும். நல்லாபோர் சமவெளியூடாகச் செடுனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர். அங்கே நெஞ்சுவலி வந்தால் வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இல்லை. 1928 இல் தொடங்கிய பறக்கும் வைத்திய சேவை உண்டுதான். ஆயினும் அது வந்து சேர நேரமெடுக்கும்.

இவ்வளவும் எழுதிய பின்னும் ஐந்தொகை சமப்படவில்லை. ஏதோ விடுபட்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்தது. சைக்கிளில் ஏற்றக்கூடியதுதான் வீடு என்றாயிற்று. பள்ளிச் சிறுவனாயிருந்த நமக்கும் நம் பெற்றோருக்கும் தென்மராட்சியில் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று விறாந்தையை விட்டுத்தந்தது. பின்னர் அகதியாய்ச் சிட்னியில் இறங்கியபோது வேறொரு குடும்பம் முன்னறையைத் தந்தது. அவர்கள் வீட்டைத் தமக்கு மட்டும் என்று கணக்கிட்டிருந்தால் நாம் எங்கே நின்றிருப்போம்? விடுபட்ட பதிவு இதுதான். கரவனில் இருவர் வாழலாம், வந்தவருக்கு இடமில்லை.

அதற்காக, உழைத்துக் களைத்தவர் பிறருக்காக ஆயுள் முழுவதும் வீட்டைக் காத்திருக்க வேண்டுமா? அதுவும் நியாயமில்லை. ஊர் பார்க்கும் ஆசை குற்றமல்ல. அன்று நாம் வீதிக்கு வந்ததும் இன்று அவர் வீதிக்கு வர விரும்புவதும் ஒன்றல்ல. திரும்பிவர ஒரு கதவு இருப்பதே அந்த வேறுபாடு. அக்கதவை அவர் தம் கையாலேயே விற்கலாமா என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் சொன்னது இது: "ஐயா, விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். வேறொரு வீட்டை முதன்மை வசிப்பிடமாகக் காட்டாதவரை, மூலதன இலாப வரிச் சலுகையை 6 ஆண்டுகள் வரை தக்கவைக்கலாம். வாடகை வருமானம் ஓய்வூதியத்தைக் குறைக்கக்கூடும். அதை முதலில் விசாரியுங்கள். புதிதாய் வந்த ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாடகையில் கொடுத்தால் கதவும் திறந்திருக்கும். கரவனை மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்."

பெரியவர் சற்று யோசித்தார்.

"அம்மா என்ன சொல்கிறா?" என்று கேட்டோம்.

"இன்னும் கேட்கவில்லை," என்றார்.

கணக்கை அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.