மழைக்குக் காரணம் சொல்வது ஈமானுக்கு முரணா?



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியால் மழை பெய்யும் என்று போனில் செய்தி வருகிறது. நீங்கள் அல்லாஹ் மழையைத் தருகிறான் என்கிறீர்கள். நான் எதை நம்புவது?” என்று கேட்டார். ஈமானோடு தொடர்புடைய கேள்வி இது. அதனால் எல்லோருக்குமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நம் ஊரையே பாருங்கள். ஜூன், ஜூலையில் குமுளியில் குடை இல்லாமல் நடக்க முடியாது. மலை இறங்கி லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று வந்தால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றும் கொஞ்சம் சாரலும்தான். ஏன்?

கோடையில் வெயில் பட்டு, கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலே எழும்ப, அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது திசை திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. வந்த காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. காற்று மலை மேல் ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகி, இடுக்கிப் பக்கம் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று நம் பக்கம் இறங்கும்போது மறுபடி சூடாகிறது. இதனால்தான் நம் பள்ளத்தாக்கை மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். நமக்குரிய பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடல் பக்கமிருந்து வருகிறது.

ஆங்கிலத்தில் பருவக்காற்றை மான்சூன் என்கிறார்கள். அது ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருவம் என்பது அதன் பொருள். அரபு மாலுமிகள் இந்தக் காற்றின் காலத்தைக் கணக்கிட்டுத்தான் மலபார் கரைக்குக் கப்பல் விட்டார்கள், திரும்பினார்கள். காற்றின் போக்கைப் படிப்பது தங்கள் ஈமானுக்கு ஆகாது என்று அவர்கள் நினைக்கவில்லை.

குர்ஆனும் காரணங்களை மறைக்கவில்லை. அர்ரூம் சூராவின் 48-வது வசனத்தில், அல்லாஹ் காற்றை அனுப்புவதையும், அது மேகத்தைக் கிளப்புவதையும், மேகம் வானில் பரவுவதையும், அதன் நடுவிலிருந்து மழை வெளிவருவதையும் வரிசையாகச் சொல்கிறான். காற்று ஒரு ஸபப், மேகம் ஒரு ஸபப். அந்தக் காரணங்களை உண்டாக்கியவன் அல்லாஹ். அவனை முஸப்பிபுல் அஸ்பாப் என்கிறோம்.

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள், ‘இன்ன நட்சத்திரத்தால் மழை கிடைத்தது’ என்பவன் அல்லாஹ்வை மறுத்தவன் என்று எச்சரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதை விளக்கும்போது, அந்த நட்சத்திரம் தோன்றும் காலத்தில் மழை கிடைத்தது என்ற பொருளில் ஒருவர் சொன்னால், இன்ன மாதத்தில் மழை பெய்தது என்று சொல்வதைப் போன்றதே அது என்கிறார்கள். ஆக, காரணத்தை அறிவது குற்றமல்ல. காரணத்தையே எஜமானாக்குவதுதான் குற்றம்.

அன்புச் சகோதரர்களே! இதைவிடப் பெரிய தவறு ஒன்று நம்மிடம் இருக்கிறது. மழை நமக்கு நன்மையாக வந்தால் ரஹ்மத் என்கிறோம். அடுத்த ஊரில் அழிவாக வந்தால், “அவர்கள் செய்த பாவம்” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஒரே மழையை எண்ணிப் பாருங்கள். நெல் நட்டவர் அதற்காகக் கையேந்துகிறார். பக்கத்துத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிறது. அதே மழையில் பழம் வெடித்து அவருக்கு நஷ்டம். ஏலத் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் நம் பெண்களுக்கு, மலையில் மழை வலுத்தால் அன்றைய கூலி இல்லை. இந்த மூவரில் யார் பாவி, யார் நல்லடியார்? சொல்ல முடியுமா?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் பல நாள் கனமழையில் ஊறிய மலைச்சரிவு இடிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் விழுந்தது. உறக்கத்திலிருந்த 70 பேரை இழந்தோம். அவர்கள் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அங்கே போய்ப் பாவக் கணக்குப் பார்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நபி (ஸல்) அவர்களோ தம் உம்மத்தில் நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்தார்கள். அப்படியிருக்க, ஒருவர் இறந்த விதத்தை வைத்து அவர் தண்டிக்கப்பட்டார் என்று எப்படி முடிவு செய்வது?

கருமேகத்தைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தார் மழை என்று மகிழ்ந்த மேகம் வேதனையாக முடிந்ததை எண்ணி அஞ்சி, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். மேகத்தைப் பார்த்து அவர்கள் அண்டை ஊராரைக் குறை சொல்லவில்லை. தம் மக்களுக்காகவே அஞ்சினார்கள். எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதானால், அதை நமக்கென்று எடுத்துக்கொள்வோம். அடுத்தவருக்கு அனுதாபமும் உதவியும் கொடுப்போம்.

காரணங்களை அறிந்தால் பொறுப்பும் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழையை இந்தப் பக்கம் திருப்பலாம் என்று கணக்கிட்டதால்தான் பென்னிகுயிக் மலையைக் குடைந்தார். 1895-ல் முல்லைப்பெரியாறு அணை வந்தது. நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபிவழி. சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் ஆற்றில் இறங்குவதும், ஓடையை மறித்து வீடு கட்டுவதும் தவக்குல் அல்ல.

ஒரு ஜும்ஆவில் நபி (ஸல்) அவர்கள் மழைக்காக துஆ செய்தார்கள். அடுத்த ஜும்ஆ வரை மழை விடவில்லை. வீடுகள் இடிகின்றன என்று முறையிட்டபோது அவர்கள் மழையைப் பழிக்கவில்லை. குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் மரங்களின் வேர்களுக்கும் அதைத் திருப்பும்படி கேட்டார்கள்.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான்: தம்பி, இரண்டையும் நம்புங்கள். போனில் வரும் எச்சரிக்கையைப் பார்த்துக் குடும்பத்தைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். மழை விழுந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள். யாருக்காவது அதனால் துன்பம் வந்தால், தீர்ப்புச் சொல்லாமல் ஓடிப்போய் உதவுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மலைக்கு இருபுறமும் வாழும் அனைவருக்கும் பயனுள்ள மழையைத் தருவாயாக. அதன் தீங்கிலிருந்து காப்பாயாக. பிறர் துன்பத்தில் தீர்ப்புச் சொல்லும் நாவிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.