உடைவதைப் பார்த்துக் கைதட்டலாமா?

இயந்திரங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, அவற்றில் ஒன்று நொறுங்கும் வரை நின்று பார்த்துக் கைதட்டுவது சரியா? கேட்ட மாத்திரத்தில் சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் கடுகண்ணாவையில் எங்களுக்கு இது சில மாதங்களாக நிஜமான கேள்வியாகவே இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் சிலரும், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குப் போய்வரும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து 'சண்டை ரோபோ'க்கள் செய்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் ஊர் மக்கள் முன்னிலையில் அவற்றை மோதவிட்டுக் காட்டினால் இன்னும் பல பிள்ளைகள் இந்தப் பொழுதுபோக்குக்கு வருவார்கள் என்பது அவர்களின் எண்ணம். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரு பக்கத்தாரின் பேச்சையும் கேட்டவன் என்ற முறையில் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

சண்டை ரோபோ என்பது பெரிய சங்கதியல்ல. செய்தவனே தூர நின்று ரிமோட்டால் ஓட்டும் ஒரு சிறு வண்டி. அதில் ஓர் ஆயுதம் இருக்கும். வேகமாகச் சுழலும் இரும்புத் தட்டாகவோ, எதிரியைக் கிளப்பி எறியும் தகடாகவோ, கோடரியாகவோ அது இருக்கலாம். பெரும்பாலும் மூன்று நிமிடச் சண்டை. அசைய முடியாமற் போனது தோற்றது. திரைப்படங்களுக்கு மாதிரியுருக்கள் செய்துவந்த மார்க் தோர்ப் என்பவர் 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் இதை ஒரு பொதுக் காட்சியாக நடத்தினார். அவர் வைத்த 'ரோபோ வோர்ஸ்' என்ற பெயரிலேயே பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1998 முதல் 2004 வரை நிகழ்ச்சி ஓடியது. 2016இல் மீண்டும் வந்து 2018இல் நின்றது. அமெரிக்காவில் 2000இல் 'பேட்டில்பொட்ஸ்' தொடங்கியது. எமக்கு அருகில், மும்பை ஐ.ஐ.டி.யின் 'டெக்ஃபெஸ்ட்' விழாவில் ரோபோச் சண்டைக்குக் கூடும் கூட்டம் பெரியது.

இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2004இல் தொலைக்காட்சி கைவிட்ட பிறகும் பிரித்தானியாவில் இந்தப் பொழுதுபோக்கு செத்துவிடவில்லை. ஆர்வலர்கள் வேன்களில் ரோபோக்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மண்டபங்களில் காட்சி நடத்தி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். பாதுகாப்பு விதிகளை வகுக்க 2003இலேயே தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஆகவே பொதுக்காட்சிதான் ஆட்களைக் கொண்டுவரும் என்று எங்கள் பிள்ளைகள் சொல்வது வெறும் ஆசைப்பேச்சு அல்ல. கடுகண்ணாவையிலேயே அதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2014 டிசம்பரில் இங்கே ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பழைய எஞ்சின்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அந்த எஞ்சின் எப்படி ஓடியது என்று கேட்ட பிள்ளையைக் கண்டது அபூர்வம். நின்றுபோன இயந்திரம் கேள்வியை எழுப்புவதில்லை. ஓடும் இயந்திரம் எழுப்பும். உடையும் இயந்திரம் இன்னும் பலமாக எழுப்பும்.

பெரியவர்களின் முதலாவது ஆட்சேபம் மார்க்கம் சார்ந்தது. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் ஹதீஸ் உண்டு. சேவற்சண்டையும் ஆட்டுக்கிடாய்ச் சண்டையும் ஆகாதென்றால் இது மட்டும் எப்படி ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தடையின் முதற்காரணம் வாயில்லாச் சீவனுக்கு உண்டாகும் வேதனை. அலுமினியத் தகட்டுக்கு வேதனை இல்லை. சேவலின் காலில் கத்தியைக் கட்டுகிறவன் தன்னுடையதல்லாத ஓர் உயிரைப் பணயம் வைக்கிறான். ரோபோவை மேடையில் இறக்குகிறவன் பணயம் வைப்பது தன் உழைப்பை மட்டுமே. ஆகவே இந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது. என்றாலும் அதில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. மோதவிடுகிறவனின் மனமும் பார்த்து ரசிக்கிறவனின் மனமும் என்ன ஆகின்றன என்பதே அது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் வீண்விரயம். பாடுபட்டுச் செய்ததை உடைப்பது இஸ்ராப் அல்லவா என்கிறார்கள். பெரிய ரோபோக்களைப் பற்றி இப்படிச் சொன்னால் மறுப்பது கடினம். 'பேட்டில்பொட்ஸ்' மேடையில் ஏறுவது 113 கிலோ வரை எடையுள்ள இயந்திரம். ஆனால் 150 கிராம் எடைக்குள், நாலு அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டிய 'எறும்பு எடை' வகுப்பும் உண்டு. எங்கள் பிள்ளைகள் செய்வது அதைத்தான். உடைந்தால் சில கம்பிகளும் ஒரு பற்றரியும் பிளாஸ்டிக் துண்டுகளும்தான் நட்டம். பரீட்சைக் கடதாசியில் தப்பாகப் போட்ட கணக்கு யாரையும் சுடாது. தப்பாகப் பற்றவைத்த கம்பி மேடையில் முதலாவது அடியிலேயே கழன்றுவிடும். அந்த நேர்மையான தோல்வியை எங்கள் பாடசாலைகள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

விளையாட்டு என்பதற்காக ஒன்றை வீண் என்று தள்ளுவதும் எம் மரபுக்குப் புதிது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் எழுதிய பொறிகளின் நூலில் பாதிக்குமேல் ஆளை ஏமாற்றி வியக்கவைக்கும் பாத்திரங்களே. தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னர்களிடம் வேலை செய்த அல்-ஜஸரீ 1206இல் முடித்த நூலில், அரச விருந்தினரை மகிழ்விக்கத் தண்ணீரில் மிதக்கும் படகொன்று வருகிறது. அதில் நான்கு பொம்மை இசைக்காரர்கள். வுழூச் செய்யத் தண்ணீர் வார்க்கும் பொறியும் அதே நூலில் உண்டு; சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றி நீர் இறைக்கும் பம்பியும் உண்டு. அதே தத்துவம் மறுதிசையில் இயங்கித்தான் நீராவி எஞ்சின் 1867இல் எங்கள் மலையேறிக் கண்டிக்குப் போனது. விளையாட்டையும் பயனையும் அவர் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு வைக்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பெரியவர்கள் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். சண்டை ரோபோவில் இருக்கும் சிறு மோட்டாரும், லித்தியம் பற்றரியும், ரேடியோக் கருவியும் பொழுதுபோக்கு ட்ரோன்களில் இருப்பவற்றின் உடன்பிறப்புகள். பந்தயத்துக்காக விடலைப் பையன்கள் செய்து பறக்கவிட்ட அந்தச் சிறு ட்ரோன்கள், 2022க்குப் பிறகு யுக்ரேன் யுத்தத்தில் குண்டு கட்டிய ஆயுதங்களாக இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் பறந்தன. நிய்யத்து நல்லது என்ற ஒன்றால் மட்டும் இதைக் கடந்துவிட முடியாது. கைக்கு வந்த திறமை எந்த நிய்யத்துக்கும் வேலை செய்யும். 1983 முதல் 2009 வரை யுத்தம் கண்ட நாட்டில், திரையைப் பார்த்து விரலால் அழிக்கும் பழக்கத்தை விளையாட்டாக்குவது கூச்சத்தைத் தரத்தான் செய்கிறது. ஆனால் திறமையைக் கொடுக்காமல் விடுவது அதற்கு மருந்தல்ல. அப்படியானால் கொல்லன் பட்டறையையும் மூட வேண்டும். திறமையோடு சேர்த்து எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் நான் மிச்சம் வைத்த விடயம் வருகிறது. பிள்ளைகளுக்காகவும் பெரியவர்களுக்காகவும் பேசியவர்கள் எல்லாரும் செய்கிறவனைப் பற்றியே பேசினார்கள். காட்சி என்று வந்துவிட்டால் செய்கிறவர்கள் பத்துப் பேர், பார்க்கிறவர்கள் ஐந்நூறு பேர். பத்துப் பேர் வாரக்கணக்கில் அறுத்து, துளைத்து, பற்றவைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஐந்நூறு பேர் மூன்று நிமிடத்தில் என்ன கற்கிறார்கள்? பொறி பறக்கும்போது ஆரவாரம் செய்யக் கற்கிறார்கள். அந்த உடைவின் பின்னால் இருக்கும் உழைப்பு அவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் என்ன நடந்தது என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரடங்கு வந்தது, அவசரகால நிலை வந்தது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. கல்லெறிந்தவனைப் பற்றி நாம் நிறைய எழுதினோம். நின்று பார்த்தவனைப் பற்றிக் குறைவாகவே எழுதினோம். ரோபோக் காட்சி பார்த்தவன் நாளை கடைக்கு நெருப்பு வைப்பான் என்று நான் சொல்லவரவில்லை, அது அபத்தம். ஆனால் ஒருவன் பல வருடம் பாடுபட்டுக் கட்டியது மூன்று நிமிடத்தில் நொறுங்குவதைத் தூர நின்று பார்ப்பது எப்படிப்பட்டது என்பதை அனுபவித்த சமூகம் நாம். உடைவது மட்டும் தெரிந்து, கட்டியது தெரியாமற் போகும் ஒரு காட்சியை நாமே எம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்படியானால் வேறெப்படிக் காட்டுவது? மாதிரி எம்மிடமே இருக்கிறது. எம்மவர் கலியாண வீடுகளில் சிலம்படி விளையாடுவார்கள். அதுவும் சண்டைதான், பொதுக்காட்சிதான். ஆனால் கம்பைத் தூக்கியதும் யாரும் அடிப்பதில்லை. முதலில் சலாவரிசை. சபைக்கும் அண்ணாவியாருக்கும் எதிராளிக்கும் மரியாதை செய்த பிறகே வீச்சு. சபை ரசிப்பது மண்டை உடைவதை அல்ல. அடி விழாமல் தடுக்கும் கையை. சண்டையை ஒழுக்கத்தால் சூழ்ந்து வைக்கத் தெரிந்த மரபு அது.

ரோபோச் சண்டைக்காரரிடமும் இப்படியொரு பண்பு உண்டு. மேடைக்குப் பின்னால் பழுதுபார்க்கும் மேசைகள் இருக்கும். அடுத்த சுற்றில் தன்னோடு மோதப்போகிறவனுக்கே மோட்டாரையும் கருவியையும் இரவல் கொடுத்து அவனை எழுப்பிவிடுவது அங்கே வழக்கம். அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு உடைப்பதையே விலக்கிவிட்டு, எதிரணிக்கு உதவுவதைப் பண்பாகவே வைத்துப் பாடசாலை ரோபோப் போட்டிகளை நடத்துகிறது. 1995இல் ஜப்பானின் கோபே நகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தின் பின், இடிபாடுகளுக்குள் புகுந்து ஆளைத் தேடும் ரோபோக்களுக்கென ஒரு போட்டி உருவாகி 2001 முதல் நடக்கிறது. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் பாறை சரிந்து வீதியோரக் கடையை மூடி உயிர்களைப் பலிகொண்ட பிறகு, மண்ணுக்குள் ஆளைத் தேடுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மேசையில் சண்டை நடக்கட்டும். பக்கத்து மேசையில் கல்லும் மண்ணும் குவித்து, அதற்குள் புகுந்து தேடும் வண்டிக்கும் இடம் இருக்கட்டும். இரண்டையும் செய்வது அதே கைதான் என்று ஊர் பார்க்கட்டும்.

ஆகவே என் முடிவு இது. காட்சி நடக்கலாம். ஆனால் பழுதுபார்க்கும் மேசை மேடைக்குப் பின்னால் அல்ல, முன்னால் இருக்க வேண்டும். மோதலுக்கு மூன்று நிமிடம் என்றால், தோற்றவன் தன் ரோபோவைத் திறந்து எது ஏன் கழன்றது என்று சபைக்குச் சொல்லப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். ஒலிவாங்கி பிடிப்பவர் யுத்த மொழி பேசக்கூடாது. மோதும் இடத்தைச் சுற்றிப் பொலிகாபனேற் கவசம் கட்டாயம். சுழலும் ஆயுதத்தின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். பறக்கும் சிறு துண்டு கண்ணைப் பறித்துவிடும். அடிபட்ட லித்தியம் பற்றரி தீப்பற்றும் என்பதால் மணல் வாளியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் இதை விட்டுவிடப் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால், கவசம் இல்லாமல், மணல் வாளி இல்லாமல், சலாவரிசை சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் செய்வார்கள். மேடையை நாம் போட்டுக் கொடுத்தால்தான் அதன் விதிகளை எழுதும் உரிமை எமக்கு இருக்கும்.