எதையும் தள்ளாத பந்து

மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிப்பது என் வேலை. மருத்துவமனை பில் திரையில் வரும். வரிவரியாகப் படித்து, எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரிக்க வேண்டும். கையுறை, முகக்கவசம், தெர்மாமீட்டர், டயப்பர், மினரல் வாட்டர், கையைத் தொங்கவிடும் ஸ்லிங் போன்றவற்றுக்கு, பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய, பணம் கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் இப்படி 68 பொருள்கள் இருக்கின்றன. எனக்கு அவை மனப்பாடம். கண்ணில் பட்டதும் கழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

அதே ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைக்குப் பிறகு கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம். மிக நல்ல விதி. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பில் முடியாமல் படுக்கை ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் என் மேசையில் ஒவ்வொரு பில்லோடும் ஒரு கடிகாரம் சேர்ந்து ஓடுகிறது.

வேலை முடிந்தாலும் கழிக்கும் பழக்கம் முடிவதில்லை. சினிமா பார்த்தால் இந்தக் காட்சி தேவையில்லை என்று தோன்றும். அண்ணி ஊர்க்கதை பேசும்போது எதைக் காதில் வாங்கலாம், எதை விடலாம் என்று மனம் பிரித்துக்கொண்டே இருக்கும். தியானம் செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடினால் பில்லின் வரிகள்தான் வந்தன. வருகிற எண்ணங்களைப் பார்த்துவிட்டு விட்டுவிடு என்றார்கள். பகல் முழுக்க நான் செய்வதும் அதைத்தானே.

அண்ணன் மகன் தன் பழைய விளையாட்டுக் கருவியை என்னிடம் கொடுத்தபோது அதில் 'காடமாரி டமாசி' என்ற விளையாட்டு இருந்தது. "அத்தை, இதுல ஒண்ணும் யோசிக்க வேணாம். உருட்டிட்டே போங்க" என்றான்.

கதை விசித்திரமானது. அண்டத்தின் அரசன் குடிபோதையில் வானத்திலிருந்த நட்சத்திரங்களையெல்லாம் உடைத்துவிடுகிறான். அவற்றைத் திரும்பச் செய்யும் வேலை மகன் தலையில் விழுகிறது. இளவரசனின் உயரம் 5 சென்டிமீட்டர். ஒட்டும் பந்து ஒன்றோடு அவனைப் பூமிக்கு அனுப்புகிறார்கள். சாண வண்டைப்போல அவன் அதை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பந்தைவிடச் சிறியது எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் போர்டு பின், ரப்பர், பகடை. பிறகு பென்சில், ஸ்ட்ராபெரி. ஆரம்பத்தில் மோதித் தள்ளிய பூனை சற்று நேரத்தில் பந்திலேயே ஒட்டிக்கொண்டு கத்தும். அப்புறம் மனிதர்கள், கார்கள், வீடுகள், தீவுகள். உருட்டி முடித்ததை அரசன் வானத்துக்கு எறிந்து நட்சத்திரமாக்குவான்.

இது ஏன் என்னை இளைப்பாற வைக்கிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அவசரம் இல்லாததுதான் காரணம் என்றால் பொருந்தாது. முதல் நட்சத்திரத்துக்கு 3 நிமிடத்தில் பந்து 10 சென்டிமீட்டர் ஆக வேண்டும். கடைசியில் நிலவைச் செய்ய 25 நிமிடத்தில் 300 மீட்டர். மேலதிகாரி தொல்லையும் உண்டு. பெரிதாக உருட்டிக் கொடுத்தாலும் அரசன் பல சமயம் குறை சொல்வான். கடிகாரமும் கண்டிப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓரிடம் என்னைக் கசக்குகிறது, மற்றது தோளைத் தளர்த்துகிறது.

விடை எனக்கு ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் கிடைத்தது. பெருங்கரடி விண்மீன் கூட்டத்தைச் செய்யும் கட்டம் அது. அதில் ஏதாவது ஒரு கரடி பந்தில் ஒட்டியதுமே ஆட்டம் முடிந்துவிடும். பெரிய கரடிதான் வேண்டும் என்றால் சின்னக் கரடிகளைப் பார்த்துப் பார்த்து விலக வேண்டும். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் என் தோள் அலுவலகத்தில் இருப்பதுபோல இறுகிவிட்டது. இப்போது நான் அதைத் திறப்பதே இல்லை. நேரக் கணக்கும் திட்டும் எனக்குப் பெரிய சுமையில்லை என்று அன்றுதான் தெரிந்தது. இது வேண்டாம், இது கூடாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்னைத் தேய்த்திருக்கிறது. மற்றக் கட்டங்கள் பலவற்றில் அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. இப்போது பெரிதாக இருப்பதால் ஒட்டாதது, பந்து வளர்ந்ததும் ஒட்டும்.

உருட்டிய பொருள்களுக்கெல்லாம் விளையாட்டுக்குள்ளேயே ஒரு தொகுப்பு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் பெயர், கூடவே வேடிக்கையாக ஓரிரு வரி. ஒரு பேட்டரிக்கும் இரண்டு வரி எழுத யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பல இரவுகளில் நான் விளையாடாமல் அதை மட்டும் படித்திருக்கிறேன். பகலில் நான் படிக்கும் பட்டியலும் சாமான் பட்டியல்தான். ஒரு சாமான் அதில் இருந்தால் அதற்குப் பணமில்லை. இங்கே அது பட்டியலில் இருப்பதற்கு, அது நட்சத்திரத்தில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை வடிவமைத்த கெய்டா டகாஹாஷி சிற்பக்கலை படித்தவர். கல்லூரி நாட்களில் ஆட்டின் உருவத்தில் ஒரு பூந்தொட்டி செய்தார். செடிக்கு ஊற்றிய தண்ணீர் மிஞ்சினால் ஆட்டின் மடி வழியாக வடியும். மிஞ்சியதற்கும் ஓர் இடம் வைத்த அந்த மனம்தான் 2004இல் ஜப்பானில் வெளியான இந்த விளையாட்டிலும் இருக்கிறது என்று நம்புகிறேன். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட 14 வீடியோ விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. நான் வைத்திருப்பது 2018இல் புதுப்பித்து வெளியிட்டது.

இந்த வயதில் விளையாட்டா என்று கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேறொரு கேள்வி என்னை உறுத்துகிறது. இப்படி இளைப்பாறிவிட்டு மறுநாள் மீண்டும் கழிக்கத்தானே போகிறேன்? 68 பொருள்கள் அப்படியேதான் இருக்கின்றன. பில்லைக் கண்டபடி ஊதிவிடாமல் இருக்க ஒரு வரையறை தேவை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலையை யாரோ செய்தாக வேண்டும். ஆனால் அதைச் செய்கிறவருக்கு ஒரு கையுறைக்குப் பின்னால் ஒரு நோயாளி கிடப்பது மறந்துபோகக் கூடாது. களைத்த மனத்துக்கு முதலில் மறந்துபோவது அதுதான்.

எங்கள் பிரிவில் தொலைபேசியில் குடும்பங்களோடு பேசும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஏன் குறைத்தீர்கள் என்று அழுகிறவர்களுக்கும் கோபப்படுகிறவர்களுக்கும் பதில் சொல்வது அவர் பொறுப்பு. "ரொம்ப முடியலக்கா" என்று அவர் சொன்னபோது இந்த விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே திருப்பித் தந்துவிட்டார். "பந்துல ஒட்டுறவங்க எல்லாரும் கத்துறாங்களே அக்கா" என்றார். அந்தக் கத்தல் என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை. அவருக்குக் களைத்திருப்பது காது. இப்போது வீட்டில் மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்.