அறிவை மறைக்கும் வினை



உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்று தானத்தை நால்வகையாக வகுத்தது நம் அறம். முதல் மூன்றும் உயிர் தங்கியுள்ள இவ்வுடலைக் காப்பன. சாத்திர தானமோ உயிரின் இயல்பான அறிவு வெளிப்படத் துணை நிற்பது. அத்தானத்தை நூல் அச்சிட்டு வழங்குவதோடு முடித்துக்கொள்கிறோம். பெற்றவர் அதனைப் படிக்க வல்லவரா என்று கேட்பதில்லை.

வணிகத்தின் பொருட்டு இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சென்று வருவோர் நம்முள் உளர். அங்கே நூற்பாலையில் உழைப்போரையும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வோரையும், பால்கோவா அடுப்பின் முன் நிற்போரையும் அவர்கள் கண்டிருப்பர். இளமையில் எழுத்தறியாதவர் எவ்வூரிலும் உண்டு. அவர்களுள்ளும் மாற்றுத்திறனாளிகளின் நிலை தனி. 1990-களின் தொடக்கத்தில் தமிழக மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் பரவியது. அது நற்பணியே. ஆயினும் கரும்பலகையில் எழுதி உரக்கப் படிக்கச் செய்யும் முறையில், பார்வையற்றவருக்குப் பலகை எட்டாது. செவி கேளாதவருக்குக் குரல் எட்டாது. நடக்க இயலாதவருக்கு மாடி வகுப்பே எட்டாது.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம், ஞானாவரணீய வினை வந்து சேரும் காரணங்களுள் பிறர் கற்பதற்கு இடையூறு செய்தலையும் சேர்த்துரைக்கிறது. "நான் யாரையும் தடுக்கவில்லையே!" எனலாம். "இந்த வயதில் உனக்கு எதற்கு எழுத்து?" என்று வீட்டிலிருக்கும் செவி கேளாத அத்தையிடம் கையை விரித்துக் காட்டியவர் யார்? ஊனம் அவரவர் முன்வினை என்று சொல்லி ஒதுங்குவாரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. வினை அவருடையதாகவே இருக்கட்டும். அதைக் காட்டி நாம் இரங்காதிருந்தால், அந்த இரக்கமின்மை நமக்குப் புதுவினை அன்றோ?

அச்சூத்திரத்திற்கே விரிவுரை எழுதியவர் பண்டித சுக்லால்ஜி சங்வி. 1880-இல் சௌராட்டிரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், பதினாறாம் வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தார். ஊருக்கு வந்த துறவியரிடம் செவிவழி கற்றார். 1904-இல் காசிக்குச் சென்று வடமொழியும் தருக்கமும் பயின்றார். பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமண தத்துவப் பேராசிரியராக விளங்கினார். பிறர் படித்துக் காட்ட அவர் கேட்டார். அவர் சொல்லப் பிறர் எழுதினர். அப்படிப் படித்துக் காட்டியவர்கள் செய்ததும் சாத்திர தானமே.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, முதியோர் கல்வியில் அவர்கள் மற்றவரோடு சமமாகப் பங்குபெற அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. ஆறு புள்ளிகளாலான பிரெயில் முறையில் இந்திய மொழிகளுக்கான பொது எழுத்து 1951-இலேயே வகுக்கப்பட்டது. நெசவில் காய்த்த விரல் அப்புள்ளிகளைத் தடவி அறிய நாளாகும். கற்பிப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

வரும் தசலட்சண பருவத்தில் நூல் அச்சிட ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பிரெயில் தாளுக்கும், சைகைமொழி அறிந்த ஆசிரியரின் ஊதியத்திற்கும் வைப்போம். பொருள் இல்லாதவர் வாரம் ஒரு மாலை ஒருவருக்குப் படித்துக் காட்டலாம். மாடியில் நடக்கும் வகுப்பைத் தரைத்தளத்திற்கு இறக்கச் செலவே இல்லை.