பழகிய கையும் புதிய நெறியும்

நெடுங்காலம் பழகிய தொழில்முறையை மாற்றிக்கொள்ளுமாறு பிறரிடம் சொல்லும் பொறுப்பு நம்மில் பலருக்கும் வாய்க்கிறது. அரிசி ஆலை நடத்துவோர், கடை வைத்திருப்போர், தலைமையாசிரியர், அலுவலக மேலாளர் ஆகிய யாவரும் என்றேனும் ஒருநாள் தம்மிடம் பணிபுரிவோரை நோக்கி, "இனி இவ்வாறு செய்யலாகாது" என்று கூற நேர்கிறது. நோக்கம் நல்லதே ஆயினும், கேட்பவர் மனம் புண்படாமல் அதனைச் சொல்வது எங்ஙனம்? எவ்வுயிர்க்கும் துன்பம் செய்யாமை என்னும் நம் அறம், உடன் உழைக்கும் மனிதரையும் உள்ளடக்கியதன்றோ?

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தினுள், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. அதன் வரலாறே இவ்வினாவிற்கு விடை தரும்.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடும் இருளர்கள், மண்ணிற் பதிந்த மெல்லிய தடத்தைக் கொண்டே பாம்பின் இருப்பிடத்தை அறியும் திறம் உடையவர்கள். ஒரு காலத்தில் அத்திறம் தோல் வணிகத்திற்குப் பயன்பட்டது. பாம்புகள் கொல்லப்பட்டு, அவற்றின் தோல் கடல் கடந்து சென்றது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கொலைத்தொழில் ஒடுங்கியது நன்றே. ஆனால் அதனை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பும் உடன் போயிற்று. சட்டம் கையைத் தடுக்கும். அக்கை இனி எதனைச் செய்து உண்பது என்று அது சொல்வதில்லை.

அந்நிலையில் முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் முன்வந்தார். அவர் இருளர்களோடு காடுமேடு அலைந்து, அவர்களிடமே பல நுணுக்கங்களைக் கற்றவர். அவர் முயற்சியால் 1978இல் இச்சங்கம் உருவாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த அளவில் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்சினை எடுத்தபின் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படுகிறது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த அடிப்படை நெறிகளுள் ஒன்று, "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க" என்பது. வடநெம்மேலியில் நிகழ்ந்ததும் அதுவே. தடம் காணும் கண்ணும் பாம்பைப் பற்றும் கையும் அப்படியே இருந்தன. அவற்றின் பயன் மட்டும் மாறியது. "உங்கள் அறிவு பாவத்திற்குரியது, அதனை மறந்துவிடுங்கள்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் யார் செவிசாய்த்திருப்பர்? மேலும், அவர்கள் கூலியாட்களாக வைக்கப்படாமல் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆயினர். தமதென்று கருதும் ஒன்றையே மனிதர் பேணுவர்.

நஞ்செடுப்பதும் பாம்பிற்குத் துன்பமன்றோ, மருந்து செய்யக் குதிரைகளின் உடலில் அந்நஞ்சைச் செலுத்துகின்றனரே என்று அன்பர்கள் வினவலாம். வினா நேர்மையானதே. இது முற்றிலும் இம்சையற்ற தொழில் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நம் முன்னோர் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தாருக்கு அணுவிரதமும் வகுத்தது எதற்காக? நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதும் அறமே என்பதற்காக அன்றோ? கொல்லாமல் விடுவது ஒரு படி. உச்சியைக் காட்டி, அதனை எட்டாதவரை இகழ்பவர் யாரையும் ஏற்றிவிடுவதில்லை.

2023இல் இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2017இலேயே அவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திற்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டிருந்தனர். பழைய திறனை மதித்தமையால் விளைந்த பெருமை இது.

நம் கடையில் பேரேடு எழுதிவந்த முதிய கணக்கர் முன் கணினியை வைக்கும்போது, எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார் என்று அவர் மனத்தில் உள்ள அறிவுக்கு அதில் என்ன இடம் என்பதையும் சொல்லி வைப்போமாக. மாற்றத்தை வேண்டுபவர் முதலில் மாணவராகி, பிறரிடம் உள்ள நன்மையைக் கற்கட்டும். அதன்பின் அவர் சொல்லும் சொல் கட்டளையாக ஒலிக்காது, துணையாக ஒலிக்கும்.